எதுக்களிப்பு

இரவு இரண்டு மணிக்கு
மேலே ஏறி வருகிறது நேற்றைய புளிப்புப் பிளம் சட்னி.
தொண்டையில் நின்றுகொண்டு
"கூப்பிட்டாயா?" என்கிறது.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு
ஆளுக்கொரு செங்கல் கொடுத்திருக்கிறாள் லாமாரா.
அமிலம் இறங்கும் என்று ஏற்பாடு.
இறங்குவது நான்தான்.
நூற்றுப் பதினெட்டு கிலோ
விடியும்போது கால்மாட்டுப் பலகையில்
முழங்கால் மடங்கிக் கிடக்கிறது.

மருத்துவர் எதேரியின் சீட்டு குளிர்பெட்டிமேல்:
தக்காளி வேண்டாம். மிளகாய் விழுது வேண்டாம்.
அக்ரூட் குழம்பு வேண்டாம்.
பாலாடைக்கட்டி ரொட்டிக்கு அடியில் இரண்டு கோடு.
படுப்பதற்கு மூன்று மணி முன்னால் கடைசி வாய்.
"என்ன வேலை?" என்று கேட்டார், பேனாவை மூடிக்கொண்டே.
"குதாயிசி பஸ் டிப்போவில் கணக்கு.
சனி ஞாயிறு கல்யாணங்களில்
விருந்து மேசையின் தலைவன்."
மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

அவருக்குத் தெரியும்.
ஒன்பது மணிக்குத்தான் எங்கள் மேசை நிரம்பும்.
மேசைக்காக ஒருவன் எழுந்து பேச வேண்டும்,
அமைதிக்கு, இறந்தவர்களுக்கு, பெண்ணைப் பெற்றவர்களுக்கு,
இன்னும் பிறக்காதவர்களுக்கு.
ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு கொம்பு மது.
கொம்பைப் பாதியில் கீழே வைக்க முடியாது.
அதற்கு அடி கிடையாது.

முதலில் பட்டினி கிடந்து பார்த்தேன்.
எடைக்கு அதைவிடக் குறுக்கு வழி உண்டா?
நண்பகல்வரை கறுப்புக் காப்பி மட்டும்.
தின்றதற்கு எரிந்த வயிறு
தின்னாததற்கும் எரிந்தது.
"கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளை" என்றார் எதேரி.

இப்போது டிப்போ மேசை இழுப்பறையில்
டீசல் ரசீதுகளுக்குப் பக்கத்தில் மூன்று டப்பா:
ஓட்ஸ் கஞ்சி, ஆவியில் வெந்த பரங்கிக்காய்,
தோலுரித்த கோழி, உப்பு எட்டிப் பார்த்ததோடு சரி.
நொறுங்கத் தின்கிறேன்.
பதினேழாம் எண் பஸ் பாலத்தைக் கடக்கும் நேரம்
ஒரு பரங்கித் துண்டுக்கு.

எங்கள் வீட்டுத் தராசு நூறோடு நின்றுவிடும்.
சந்தையில் கீஸோவின் மூட்டைத் தராசில் ஏறுகிறேன்.
ஏழு வாரம் கழித்து நூற்றுப் பன்னிரண்டு.
அவன் ஆறு கிலோ அக்ரூட்டை அளந்து பையில் கட்டி
என் கையில் கொடுத்தான்:
"இதைத்தான் தொலைத்திருக்கிறாய்."
கனத்தது.
ஒன்றைக்கூட வாயில் போட முடியாது.
திருப்பிக் கொடுத்தேன்.

அக்டோபரில் மெக்கானிக் பெசாரியோனின் மகள் கல்யாணம்.
பரிமாறும் பையனிடம் முன்பே சொல்லிவைத்தேன்.
எனக்கு மட்டும் தனி ஜாடி,
ஊற்றுத் தண்ணீர், வாயு போக அடித்தது,
மாதுளம்பழத் தோல் போட்டு நிறமேற்றியது.
இறந்தவர்களுக்காக எழுந்தபோது
பேச்சின் நடுவில் நெஞ்சு எரிந்து குரல் உடைந்தது.
மேசையே அழுதது.
மறைத்துத் தின்ற ஒரு ஊறுகாய் வெள்ளரி,
அவ்வளவுதான்.

பிறகு வழக்கப்படி என் கொம்பையே நிரப்பி
அடுத்த பேச்சைச் சம்பந்தி தெமுரிடம் தள்ளினேன்.
மறந்தே போனேன்.
அவன் பேசினான். நிமிர்த்திக் குடித்தான்.
பாதியில் கண்கள் என்மேல் நின்றன.
என்னைவிடப் பெரிய தொப்பை, ஊதா முகம்,
சட்டைப் பையில் வெள்ளை மாத்திரைப் பட்டை
துருத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.
கடைசிச் சொட்டுவரை குடித்தான். மீசையைத் துடைத்தான்.
பையனைக் கூப்பிட்டு, மெதுவாக,
"எனக்கும் இனி அந்த ஜாடியிலிருந்தே."

ஒரு மணிக்கு வீடு.
லாமாரா தூங்கியிருந்தாள். பசித்தது. தின்னவில்லை.
இரண்டு மணிக்குத் தானாக விழிப்பு வந்தது.
இருட்டில் தொண்டையைக் கவனித்துக்கொண்டு படுத்திருந்தேன்,
கதவு தட்டப்படும் என்று.
யாரும் வரவில்லை.
கால்கள் மட்டும்
பலகையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.