ஏழாம் ஜாயிண்ட்

இரவு ஒன்று நாற்பது. தேவனாம்பட்டினம் ரோடு.
ஆறு விநாடிக்கு ஒருமுறை
மண்ணுக்குள் ஒரு குத்து.
வேனிலிருக்கும் மின்தேக்கி நிறைந்து நிறைந்து
கேபிளுக்குள் தன்னைக் கொட்டுகிறது.
காதில் ஹெட்போன், கையில் தரைமைக்,
கம்மலைத் தொலைத்தவள்போல
குனிந்தே நடக்கிறேன்.

புயலில் கம்பங்கள் படுத்த பிறகு
கம்பிகளை மண்ணுக்குள் போட்டோம்.
காற்றுக்குத் தப்பின.
அதோடு கண்ணுக்கும்.
கம்பம் சாய்ந்தால் தெருநாய்க்கும் தெரியும்.
கேபிள் போனால் வரைபடத்தைத்தான் கேட்க வேண்டும்.
வரைபடம் பொய் சொல்லாது,
வரைந்த நாளோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.
அது புளியமரம் என்கிற இடத்தில் ஏடிஎம்.
மண்பாதை என்கிற இடத்தில் வடிகால்.

சப்ஸ்டேஷனிலிருந்து ஒரு துடிப்பை அனுப்பினோம்.
போனது, எதிலோ இடித்தது, திரும்பியது.
திரையில் சின்னப் பள்ளம்:
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு மீட்டர்.
"எது வழியா?" என்றார் ஃபோர்மேன் கஜபதி.
நியாயமான கேள்வி.
ஒவ்வொரு ஜாயிண்டிலும் சுருட்டிவிட்ட உபரியை
யார் கணக்கு வைத்தார்கள்?
ஆக, இந்த நூறு அடிக்குள் எங்கோ.
மிச்சம் காதின் வேலை.

ஒவ்வொரு குத்துக்கும் இரண்டு செய்தி.
காந்தம் உடனே வந்துவிடும்.
சத்தம் மண்ணைத் தள்ளிக்கொண்டு பின்னால் வரும்.
நடுவிலுள்ள தாமதத்தைப் பெட்டி எண்ணாகக் காட்டும்.
பதினொன்று.
ஒன்பது.
ஆறு.
எட்டு. தாண்டிவிட்டேன், பின்னால் வா.
ஹெட்போனில் கடலும் கேட்கிறது.
நல்லவேளை, அலைக்கு ஆறு விநாடிக் கணக்கு தெரியாது.

மாடியிலிருந்து யாரோ டார்ச் அடித்து
"எப்பங்க வரும்?" என்கிறார்.
"இன்னும் ஒரு மணி நேரம்" என்கிறான் யாகூப்,
மூன்று மணி நேரமாக.

நான்கு.
இரண்டு.
இரண்டு.
சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.

கேபிளைத் துண்டித்து, எர்த் செய்து, தோண்டினோம்.
நான்கடியில் சிவப்பு நாடா, மூடிவைத்த செங்கல்,
உப்புத்தண்ணீர், கருகிய வாடை.
ஜாயிண்ட் வாய் பிளந்து கிடந்தது.
அலுமினியத் தகட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.
ஜா. 7. பிலவேந்திரன்.
கீழே, சரிபார்த்தது:
என் மூன்றெழுத்து.

கெடிலம் கரைமீறிய நவம்பர்.
தார்ப்பாயைப் பிடித்தபடி நான்.
"ஈரம் காயட்டும்மா" என்றார் பிலவேந்திரன்.
ஆஸ்பத்திரி என்றேன், தண்ணி டேங்க் என்றேன்,
மேலிருந்து நாலாவது போன் என்றேன்.
"முடிச்சிடுங்கண்ணே."
அவர் தன் விரல்களைப் பார்த்தார்.
பிறகு தீயைக் கூட்டி முடித்தார்.
விளக்கு வந்ததும் இந்தத் தெருதான் டீ கொடுத்தது.

ஒரு சொட்டுகூட இருக்காது.
மூச்சளவு ஈரம்.
அதை உள்ளே வைத்துப் பூட்டினோம்.
பாலிதீனுக்குள் அது மரமாகும்,
வேரில்லை, இலையில்லை,
பதினோராயிரம் வோல்ட்டைத் தின்று
மயிரிழை மயிரிழையாய் வளரும் வெள்ளை மரம்.

போன மார்ச் சோதனையில்
இந்தத் தடத்தில் ஒரு முணுமுணுப்பு இருந்தது.
ஆபத்துக் கோட்டுக்குக் கீழேதான்.
'கவனிக்கவும்' என்று பதிவேட்டில் எழுதினேன்.
யார் என்று எழுதவில்லை.

கருகியதை வெட்டியாயிற்று.
புது ஜாயிண்டர் முத்தழகி
கேபிள் முனையைத் தொட்டுப் பார்க்கிறாள்.
"ஈரம் இருக்கு மேடம்."
மாடியில் டார்ச் மறுபடி எரிகிறது.
"காயட்டும்" என்றேன்.
"இன்னும் ஒரு மணி நேரம்" என்றான் யாகூப்.
"ரெண்டுன்னு சொல்லு" என்றேன்.

வேனின் படியில் உட்கார்ந்து படிவத்தை விரிக்கிறேன்.
பழுதின் காரணம்: ஒன்றரை அங்குலக் கட்டம்.
'ஈரம்' என்று எழுதினால் போதும்.
பொய்யில்லை.
மிச்ச இடத்தில்
ஒரு பெயர் கொள்ளும்.