ஆழம்: இரண்டு

விண்டர்தூர் பள்ளிகளின் மதியச் சாப்பாட்டுக்கு
ஏபிஐ எழுதுகிறோம், நானும் ரெகுலாவும்.
வீட்டுக்குள் பெற்றோர், பெற்றோருக்குள் பிள்ளை,
பிள்ளைக்குள் ஒவ்வாமை, ஒவ்வாமைக்குள் தேதி.
ஒருமுறை கேட்டால் எல்லாம் வந்துவிடும்,
டிபன் கரியர் மாதிரி என்றேன்.
கரியரைக் கண்டிராத ரெகுலா
தலையை மட்டும் ஆட்டினாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை
யானிக்கின் உதடு வீங்கியது.
சமையலறைக்குப் போன பட்டியலில்
அவன் அப்பாவின் முகவரிக்குள் இருந்தான்.
அங்கே ஒவ்வாமை: வெற்று.
அம்மாவின் முகவரிக்குள் இருந்த யானிக்குக்கு
ஹேசல்நட் ஆகாதென்று
செப்டம்பரிலேயே திருத்தியிருந்தார்கள்.
ஒரே பிறந்தநாள், ஒரே வகுப்பு,
இரண்டு யானிக்.
ஒருவனுக்குச் சொன்னது
மற்றவன் காதில் விழவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு மணிக்கு
கணக்கு வகுப்பில் இருந்தான்.
எங்களுக்குத்தான் கணக்கு வரவில்லை.

ரெகுலா வெள்ளைப் பலகையில்
இரண்டு வீடு வரைந்தாள்.
இவன் யாருக்குள், என்றாள்.
நான் பேனா மூடியைத் திறந்து மூடினேன்.
என் ஆரணி வெள்ளி மாலை ரயிலில் வருவாள்.
இங்கேயும் ஒரு பிரஷ் வாங்கி வைத்திருக்கிறேன்.
இருந்தும் அங்கிருந்து ஒன்றைக் கொண்டுவருவாள்.

யாருக்குள்ளும் இல்லை என்று முடிவானது.
எல்லா அடைப்புக்குறிகளுக்கும் வெளியே,
இடது ஓரத்தில், சொந்த எண்ணோடு
யானிக்கை நிறுத்தினோம்.
இரண்டு வீட்டிலும் இனி அந்த எண் மட்டும்.
ஆள் வேண்டுமென்றால்
போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

உறவுகளை இணைத்த அன்று
பிள்ளையைக் கேட்டோம், அப்பா வந்தார்,
அப்பாவுக்குள் பிள்ளை,
அந்தப் பிள்ளைக்குள் மறுபடி அப்பா.
மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போய்
சர்வர் விழுந்தது.
ரெகுலா சிரித்துக்கொண்டே
ஒரு வரி சேர்த்தாள். ஆழம்: இரண்டு.
அதற்கு மேல் போனால்
எண்ணை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்.

வெள்ளி, மூன்றாம் பிளாட்பாரம்.
வில்லில் இருந்து வந்த ரயில்
நான்கு நிமிடம் தாமதம். இந்த நாட்டில்
நான்கு நிமிடத்துக்கும் மன்னிப்புக் கேட்கிறார்கள்.
ஆரணி இறங்கினாள்.
அம்மா எப்படி இருக்கிறா?
சுகமா இருக்கிறா.
அம்மா என்னைப் பற்றி ஏதும்,
என்று வாய் எடுத்தேன்.
அது மூன்றாவது அடுக்கு.

குளிருது, நட என்றேன்.
அவள் பையை வாங்கித் தோளில் போட்டேன்.
பக்கப் பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருந்தது
ஈரம் காயாத பிரஷ்.