காத்துக்கு உறுதி

படிவம் ஒன்றுக்கு நூற்றியெண்பது ரூபாய்.
பண்ணைப் பாலம் தாண்டிப் போய்வர
ஸ்கூட்டிக்குப் பெற்றோல் என் கையால்.
கேள்விகள் பதினான்கு.
ஒன்பதாவதுதான் கேள்வி, மற்றதெல்லாம் படலை:
உங்கள் பகுதியில் காற்றாலை அமைவதை
ஆதரிக்கிறேன். எதிர்க்கிறேன். கருத்தில்லை.
மூன்று கட்டம், ஒரு சரி, அவ்வளவுதான் என்றார் மேற்பார்வையாளர்
குளிரூட்டிய அறையில்,
ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால்.

அல்லைப்பிட்டியில் முதல் வீடு.
எமிலியானுஸ் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார்.
"காத்தை விக்கப் போறியளோ?"
இல்லை, கரண்ட் எடுக்கப் போகினம்.
"சோழகம் கடலால வருது.
எங்கட முகத்தில பட்டுத்தான் உங்கட கம்பத்துக்குப் போகும்.
அப்ப, காத்துக்கு உறுதி ஆரின்ர பேரில?"

கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்கு
முப்பது வருடம் வழக்காடிய ஊர் இது.
கேள்வி நியாயம்.
பேனையை மூன்றாவது கட்டத்துக்குக் கொண்டுபோனேன்.
"எனக்குக் கருத்தில்லையெண்டு ஆர் சொன்னது?"
ஊசியை மணலில் குத்தினார்.

திலகவதி ரீச்சரின் கூரையில் எட்டுத் தகடு.
பகலில் மீற்றர் பின்னுக்கு ஓடுதாம்,
சொல்லும்போது அவர் குரலே ஒரு படி ஏறுகிறது.
பக்கத்து வளவுப் பனைதான் பிரச்சினை:
மூன்று மணிக்கு அதன் நிழல்
ஐந்தாவது தகட்டில் வந்து குந்துகிறது.
வெட்டக் கேட்டதிலிருந்து
இரண்டு வீட்டுக்கும் கொண்டாட்டம் இல்லை.
பக்கத்து வளவிலும் கேட்டேன்.
"சோலார் நல்ல விசயந்தானே,
அவவின்ர கூரையில இல்லாட்டி."

பூட்டிய கேற்.
காவலுக்கு நின்றவர் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார்.
மிசிசாகாவில் அப்போதுதான் விடிந்து, ஒருவர் வாயில் பற்பசை நுரையோடு:
"பூமி சூடாகுது தங்கச்சி, கட்டாயம் வேணும்.
ஆனா எங்கட காணிக்குக் கிட்ட வேண்டாம்.
நாங்கள் வந்து இருக்கப்போற இடம்."
பதினொரு வருடமாக வந்து இருக்கப்போகிறார்கள்.
முற்றத்தில் நாயுருவி இடுப்பளவு.

கனகாம்பிகை என்னை உள்ளே கூப்பிட்டு
கதவுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார்.
கட்டுக்காசு ஏறி, மீற்றரைக் கழற்றிக்கொண்டு போன இடம்.
சுற்றிலும் புகைக் கரி, நடுவில் வெளிறிய சதுரம்.
"காத்தால வந்தா என்ன, கரியால வந்தா என்ன,
வாறதுக்கு வழியில்லை பிள்ளை."
என் தாளில் இல்லாத நான்காவது கட்டம்
அங்கே, சுவரில்.

வாமதேவன்
நான் முடிக்க முன்னமே கேட்டார்.
எவ்வளவு உயரம்?
சொன்னேன்.
"ராவில சிவப்பு லைற் எரியுமோ?"
எரியும், விமானங்களுக்காக.
"மேல ஆக்கள் நிப்பினமோ?"
இல்லை ஐயா, ஒருத்தரும் இல்லை.
திரும்பவும் அதையே கேட்டார்.
திரும்பவும் அதையே சொன்னேன்.
கதிரையைத் தூக்கி
முதுகு தெற்கே இருக்கத் திருப்பிப் போட்டுவிட்டு
"அப்ப நல்லதுதான்" என்றார்.
ஆதரிக்கிறேன்.
இன்று போட்ட சரிகளில்
கோணலாய் விழுந்தது அது ஒன்றுதான்.

"கருத்தில்லை கனக்க வருது,
நாளைக்குக் கொஞ்சம் ஊண்டிக் கேளுங்கோ"
என்று குரல்பதிவு.
கேட்டு முடிய முதல் கரண்ட் போனது.

கடைசிப் படிவம் என் வீட்டு இலக்கம்.
கைபேசி வெளிச்சத்தில்
அவர் சொல்கிறார்: எதிர்ப்பெண்டு போடு,
வேலை ஒண்டும் எங்கட ஆக்களுக்குக் குடாங்கள்.
மகன் சொல்கிறான்: நாளைக்குச் சோதனை, லைற்றை இஞ்ச பிடி.
யன்னலால் வந்த காற்று
நிரப்பினது, நிரப்பாதது பார்க்காமல்
எல்லாத் தாளையும் புரட்டியது.
அம்மிக் குழவியைப் பாரம் வைத்தேன்.

விளிம்பில் ஒரு விரற்கடை இடம் இருந்தது.
எமிலியானுஸின் கேள்வியை
அவர் சொன்னபடியே அதில் எழுதினேன்.
அதற்குக் கீழே, இன்னும் சின்ன எழுத்தில்,
பெற்றோல் கணக்கு.