கண் விடுதல்

செல்லூரில் எனக்கு மாவுக்கடை.
ராத்திரி அரைத்து வைத்தால்
விடியுமுன் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.
பொங்காத நாள்தான் நட்டம்.
கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாதிக்குப்
பதினேழு வருசம் நான் அரைத்துப் போட்டேன்,
அது எனக்குச் சோறு போட்டது.

ரத்தத்தில் புற்று என்றார்கள்.
மருந்து ஏற்றி
வெள்ளணுக்களைக் கூண்டோடு காலி செய்தார்கள்.
காய்ச்சல் மட்டும் விடாமல் காய்ந்தது.
காவல் இல்லாத தெருவில்
எவன் வந்தான், எவன் தங்கினான்?

அணு நூறிலிருந்து நாலாயிரம் ஏறிய அன்று
பேச்சியம்மாள் வார்டு முழுக்கச் சீரணி கொடுத்தாள்.
அன்று சாயங்காலமே குளிர் எடுத்தது.
வலது விலாவுக்குக் கீழே
யாரோ குழவிக்கல்லை வைத்துவிட்டு
மறந்து போன மாதிரி.

குப்பி குப்பியாய் ரத்தம் எடுத்தார்கள்.
எதிலும் எதுவும் வளரவில்லை.
மாவுக்காரன் ரத்தம்
பொங்கவில்லையே என்று
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி
டாக்டர் ஜெபசீலி பேனாவால் தொட்டுக் காட்டினார்.
"பூஞ்சை. காவல் இல்லாதப்ப குடல் வழியா ஏறிருக்கு.
இப்ப அணு திரும்பி வந்து சண்டை போடுது,
அதான் கண்ணுக்குத் தெரியுது."
கல்லீரல் நெடுகச் சின்னச் சின்ன வட்டம்.
"தோசை கண் விட்ட மாதிரில்ல இருக்கு"
என்றாள் பேச்சியம்மாள்.
யாரும் சிரிக்கவில்லை.
அப்படித்தான் இருந்தது.

ஈரக்குலை நடுங்குது என்று
எத்தனை முறை சும்மா சொல்லியிருப்பேன்,
கடன்காரனைப் பார்த்து,
கரண்ட் பில்லைப் பார்த்து.
பெரியாஸ்பத்திரிக் கட்டிலில்
மருந்து சொட்டுச் சொட்டாய் இறங்க
நிஜமாகவே நடுங்கியது.
கட்டிலும் சேர்ந்து கிடுகிடுத்தது.
ஈரம் உள்ள இடத்தில்தானே பூசணம் பூக்கும்,
உனக்கு ஈரம் ஜாஸ்தி என்றாள்.
திட்டினாளா, தேற்றினாளா
இன்னும் தெரியவில்லை.

ஆறு மாதம் கடைப் பக்கம் போகக்கூடாது.
கிரைண்டரை அவள்தான் கழுவினாள்,
குளித்துவிட்டுத்தான் என் பக்கத்தில் வந்தாள்.
ஆனாலும் நகக்கண்ணில்
அந்தப் புளிப்பு வாசம் இருக்கும்.
தூங்குகிற மாதிரி கிடந்து
அவள் விரலை மூக்கருகே வைத்துக்கொள்வேன்.

போன வாரப் படத்தில் நாலு வட்டம் மிச்சம்.
தழும்பாக இருக்கலாம் என்கிறார் டாக்டர்,
இருக்கலாம், பார்ப்போம்.
சுடச்சுட என்றால் தோசை சாப்பிடலாமாம்.

கல்லில் ஊற்றினாள்.
ஒவ்வொன்றாய்க் கண் விட்டது.
எண்ண ஆரம்பித்தவன்
நிறுத்திக்கொண்டு
திருப்பிப் போடச் சொன்னேன்.