சமதரையில் நிறுத்தவும்

கோட்டைக்கல்லாற்றுப் பாலம் இறங்கையில்
திரையில் ஒரு மஞ்சள் படம்,
கெண்டி மாதிரி, மூக்கில் ஒரு துளி.
"கார் வாழ்த்துச் சொல்லுதோ அண்ணே?"
என்றான் முன் சீட்டில் தோழன்.

பின்னால் மாப்பிள்ளை ஜதுர்ஷன்,
தலைப்பாகை கூரையில் முட்டாமல் குனிந்தபடி.
பக்கத்தில் பெரியம்மாக்காரி,
மடியில் தட்டம், தட்டத்தில் கூறை.
பத்துக்கு முதல் காரைதீவில் நிற்க வேணும்.
நேரம் ஒன்பது பதினாறு.

கார் ஜெர்மன்காரன் செய்தது.
யப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலில் வந்தது.
பேசுவது இன்னும் யப்பான் மொழி.
வாங்கி மூன்று மாதம்,
லீசிங் ஐந்து வருஷம்.

பொனெட்டைத் திறக்கேலாது.
மேலே செவ்வந்தியும் ரோசாவும் டேப் போட்டு ஒட்டி,
குறுக்கே ஒரு சரிகைப் பட்டி.
திறந்தால்தான் என்ன,
உருவிப் பார்க்க உள்ளே கம்பி இல்லை.
வாங்கின அன்றே டோர்ச் பிடித்துத் தேடி
விரல் சுட்டுக்கொண்டவன் நான்.

இஸ்ஸடீனுக்கு அடித்தேன்.
"சமதரையில நிப்பாட்டுங்க.
எஞ்சினை ஓஃப் பண்ணாதீங்க,
சூட்டோடதான் அது உண்மை சொல்லும்."

சமதரை.
வயலும் வாவியும் பாய் விரித்துக் கிடக்கிற நாட்டில்
ஒரு கார் நீளத்துக்குச் சமதரை தேடிப் போனேன்.
றோட்டோரமெல்லாம் சரிவு.
பெரியநீலாவணையில் ஒரு பள்ளிக்கூட வாசல்,
அதிலும் மழை வெட்டிய பள்ளம்.
மருதமுனையில்தான் கிடைத்தது:
சாறிக் கடை முன்றல், சீமெந்துத் தரை,
தண்ணி ஊற்றினால்
எந்தப் பக்கம் ஓடுவதென்று தண்ணிக்கே தெரியாது.

"மெனுவில மூணாவது எழுத்து எப்படி இருக்கு?"
"ஏணி சாய்ச்ச மாதிரி."
"அது இல்ல. கீழ?"
"ஒரு நூல்கட்டை நிற்குது."
"அதுதான். அழுத்துங்க."

ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.
ரெண்டு நிமிஷம்.
கடைக்குப் பின்னால் தறி அடிக்கிற சத்தம்,
எங்களுக்குக் கீழே எஞ்சின்.
பெரியம்மா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தா.

"கையால பார்க்கவே ஏலாதா அண்ணே?"
"ஏலாது. உள்ளுக்க ஒரு கண் இருக்காம்.
அது சொல்றதை நம்ப வேணும்."
மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.
மறுகா, யாருக்கும் இல்லாமல் சொன்னான்:
"எட்டுப் பொருத்தம் எண்டவங்க."

வட்டம் நின்றது.
பட்டை அடியில் படுத்திருந்தது.

ஒயில் போத்தல் டிக்கியில், லட்டுப் பெட்டிகளுக்குக் கீழே.
நான் அதைக் கிண்டி எடுக்கையில்
இறங்கி வந்து பூவைப் பிரித்துக்கொண்டிருந்தான் அவன்,
மோதிரக் கையால்,
டேப் டேப்பாக, ஒரு இதழ் கிழியாமல்.
கடைப் பெடியன் வெட்டுத்துணி ஒன்று நீட்டினான்.
எஞ்சினை நிறுத்தி, மூடி திருகி, ஊற்றினேன்.
புது ஒயில் தேன் மாதிரி இறங்கியது.
ஒரு துளி மட்டும்
கிறுகி அவன் வேட்டிக் கரையில் விழுந்தது.
மிளகளவு.

"எவ்வளவு ஊத்தின?"
"ஒரு அளவா."
"திரும்ப அளக்கவோ?"
"ஒம்பது நாப்பத்தொண்டு!" என்று உள்ளிருந்து பெரியம்மா.
"காணும் அண்ணே, போவம்," என்றான் மாப்பிள்ளை.
பூவை மறுபடி ஒட்டினோம், கொஞ்சம் கோணல்.

தாலி நேரத்துக்குக் கட்டினான்.
படங்களிலெல்லாம் வேட்டிக் கரைமேல் அவன் கை.

திரும்பி வரும்போது
பொம்பிளை அந்தப் புள்ளியைக் கண்டாள்.
நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தாள்.
லொறிக்காரன் மகள்.
"புது ஒயில்," என்றாள்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்:
"ஊத்தினதுக்குப் பிறகு அளந்தீங்களா?"
பாலம் வந்தது. கியரில் கவனமாக இருந்தேன்.

இரவு, வீட்டுச் செட்டுக்குள்,
கதவு திறந்து, எஞ்சின் ஓட,
நூல்கட்டையை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன்.
பட்டை ஏறியது. ஏறியது.
மேல் கோட்டைத் தாண்டி நின்றது.

கூடிப்போச்சு.
ஏணி, வேலி, கொக்கி எல்லாம் அழுத்திப் பார்த்தேன்.
குறைக்கிற எழுத்து அதில் இல்லை.