அடக்கப் பதிவேடு

ஹோல்ட்பரியிலிருந்து கடிதம்.
அட்லஸில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும்
அகப்படாத ஊர்.
நாற்பது வீடு, ஒரு கோயில், கணுக்கால் ஆழத்தில் ஓர் ஆறு
என்கிறார் எழுதிய ரோவேனா அம்மாள்.
கோயிலுக்கு வயது எழுநூறாம். கூரை ஒழுகுகிறதாம்.
நூற்றைம்பதிலேயே எங்களுடையது ஒழுகுகிறது என்று
பதிலை அங்கேதான் தொடங்கினேன்.

அவருக்கு வேண்டியது ஒரு பெயர்:
ஹாக்ஸ்லி, காப்பித் தோட்டக்காரர்,
கொள்ளுத்தாத்தாவின் அண்ணன்.

வெஸ்டிரி பீரோவில், இரண்டாம் தட்டில்,
அந்துருண்டை வாசத்தோடு கிடக்கிறது ஏடு.
பெயர். வயது. தொழில். நோய்.
நோய்ப் பத்தியில் பக்கம் பக்கமாய்
ஒரே சொல்: காய்ச்சல்.
சேலத்துக் காய்ச்சலுக்குப் பயந்துதானே மலையேறினார்கள்?
அது குதிரைப் பாதையில்
அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஹாக்ஸ்லி இருக்கிறார். முப்பத்து நான்கு வயது.
அவருடைய கல்லின்மேல் இப்போது
சற்குணம் மிளகு காயப்போடுகிறான்.
சில்வர் ஓக் நிழல் விழாத இடம் அது ஒன்றுதான் என்கிறான்.
இதை எழுதலாமா கூடாதா என்று
ஒரு நாள் முழுக்க யோசித்து
எழுதிவிட்டேன்.

எழுதிவிட்டு ஏட்டை மூடப் போனவள்
பக்கத்து ஏட்டைப் பிரித்தேன், சும்மா.
ஹாக்ஸ்லி புதைந்த மூன்றாம் வாரம்
ஒரு ஞானஸ்நானம்.
'மார்த்தா, முன்னாள் பெயர் சடைச்சி, ஆயா.'
ஓரத்தில் பொடி எழுத்தில்:
'குழந்தைகளோடு சீமைக்குப் புறப்படுகிறாள்.'
தகப்பன் பெயர் வரவேண்டிய கட்டத்தில்
ஒரு கோடு.

திரும்பி வந்ததாக எந்தப் பக்கமும் சொல்லவில்லை.
கலியாண ஏட்டில் இல்லை.
அடக்க ஏட்டில், காய்ச்சல்களின் நடுவே, இல்லை.
உறையை ஒட்டுமுன் கடைசியில் சேர்த்தேன்:
அம்மா, உங்கள் ஏட்டையும் ஒருமுறை புரட்டுங்கள்.

நான்கு மாதம் பதிலில்லை.
காட்டெருமை வந்து காம்பவுண்டு சுவரை முட்டிச் சாய்த்தது.
சபைக் கூட்டத்தில் சுவரா கூரையா என்று சண்டை,
இரண்டுக்கும் பணமில்லை என்று ஜெபம்.
கோபுரத்துத் தகரச் சேவல்
எந்தக் காற்றுக்கும் துருவேறிய கழுத்தைத் திருப்பாமல்
ஆத்தூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு புகைப்படம் வந்தது.
ஈரப்புல், சாய்ந்த கல், பின்னால் கறுத்த மரம்.
பாதி எழுத்தைப் பாசி தின்றிருக்கிறது.
மார்த்தா. கீழ்த்திசையாள். வயது தெரியாது.
பின்புறம் பென்சிலில் அம்மாள் குறித்திருக்கிறார்:
'எங்கள் பதிவேட்டில் நோய்: குளிர்.
பாசியைச் சுரண்டட்டுமா, விட்டுவிடட்டுமா?'

இன்று மாலை அடக்க ஏட்டை எடுத்தேன்.
இங்கே புதைக்காத ஒருத்தியை
இதில் ஏற்றச் சட்டமில்லை என்று
ஆயருக்கு முன் எனக்கே தெரியும்.
இரண்டு காய்ச்சல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில்
சடைச்சி
என்று எழுதினேன், பென்சிலால்.
நோய்ப் பத்திவரை வந்த கை நின்றது.
மின்சாரம் போனது.
வெளியே சற்குணம் மழைக்கு முன்
கல்லிலிருந்து மிளகை வழித்து அள்ளும் சத்தம்.

பாசி பற்றி
இன்னும் பதில் எழுதவில்லை.