முதல் உரசல்

பாடாங் செராய் ஆலையில் எனக்குச் சம்பளம்
குவியலுக்குக் காய்ச்சல் பார்க்க.
பிழிந்து தள்ளிய செம்பனை நார்
கொட்டகைக்குப் பின்னால் மலையாய்க் கிடக்கும்.
விலாவில் கம்பியை இறக்கி
ஏட்டில் எழுதுவேன்:
அறுபத்தெட்டு. எழுபத்தொன்று.
எண்பதைத் தாண்டினால் ஷஃபிகுலை எழுப்பி
புரட்டிப் போடச் சொல்லணும்.
யாரும் தீ வைக்கவில்லை.
ஈரமும் காற்றும் கண்ணில் படாத வாய்களும்
உள்ளே தின்றபடி இருக்கின்றன.
தின்பது சுடுகிறது,
சோறு தின்ற என் உடம்பு
முப்பத்தேழில் நிற்கிற மாதிரி.

எக்சோதெர்மிக்:
படிவம் நான்கில் மலாயில் உருப்போட்ட சொல்.
தமிழில் வெப்ப உமிழ்வினை என்று
ரொம்பப் பிந்தித் தெரிந்தது.
உமிழ்வதா, எச்சில் மாதிரி?
முதலில் பிடிக்கவில்லை.
அந்தப் பரீட்சையில் நான் எழுதியது:
பிணைப்பு உடையும்போது சூடு வெளிவரும்.
சிவப்புக் கோடு. இரண்டு மதிப்பெண் போச்சு.
உடைக்கச் செலவுதான்;
சேர்வதில்தான் வரவு.

தோட்டம் விற்ற நட்டஈட்டில்
நானும் அண்ணன் குணநாதனும் முறிந்து
நாலு வருஷம்.
அன்றைக்குப் பற்றி எரிந்தது என்று
லயத்தில் இருந்தவர்கள் இன்னும் சொல்வார்கள்.
எனக்கு நினைவிருப்பது வேறு.
வீட்டுக்கு வந்து போர்வையைத் தேடினேன்,
மார்ச் மாத வெயிலில்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி கைப்பேசி.
"யோகு, சிமெண்ட் லோரி மத்தியானந்தான் வந்துச்சு.
தண்ணி தெளிக்க ஆள் இல்ல."
அவ்வளவுதான் பேச்சு.

பெட்டிக்குள் கிடக்கிற தீக்குச்சி
நூறு வருஷமும் குச்சியாகவே கிடக்கும்.
ஒரே ஒரு உரசலை
யாராவது முதலில் கடன் கொடுக்கணும்.

மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன்.
என் வாசல் கேட்டும் எரிகிறதுதான், துருவாக,
இருபது வருஷமாக, ஒரு கையையும் சுடாமல்.

புதுத் தாமானில் அவர் வீடு.
மழை விட்டு ஊரே சில்லிட்டிருந்தது.
ரப்பர் குழாயை அவர் பிடிக்க
நான் சாக்கை நனைத்து நனைத்துப் போர்த்தினேன்.
ஓரத்தில் குனிந்து தரையில் கை வைத்தவர்
சட்டென்று எடுத்தார்.
"சுடுதே."
"சுடும். விடியக்காலையில இன்னும் சுடும்."
"காயுதா?"
"காயல. தண்ணியோட சேருது."
திரும்பவும் கை வைத்தார்.
நானும் வைத்தேன், ஒரு முழம் தள்ளி.

பணத்தைப் பற்றி அவர் எடுக்கவில்லை.
நானும் மறந்துவிடவில்லை.
அண்ணி கொடுத்த மைலோ
ஆறி, ஆடை கட்டியிருந்தது.
குடித்தேன்.

மூன்று மணிக்கு வீடு.
விரலிடுக்கெல்லாம் சிமெண்ட்.
ஈரக் கையில் சலவைத் தூளைக் கொட்டினேன்.
உள்ளங்கை நடுவில்
குருவிக் குஞ்சு அளவு வெதுவெதுப்பு.
குழாயைத் திறக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.